ஸ்டார்ட்அப் சர்வேயில் நான் ஏன் 2 போட்டேன்?

போன மாசம் நம்ம இ-செல்லில் இருந்து எல்லா கிளாஸ் குரூப்புக்கும் ஒரு கூகுள் ஃபார்ம் வந்ததே, ஞாபகம் இருக்கா? "ரெண்டு நிமிஷம்தான் ஆகும், எல்லாரும் ஃபில் பண்ணுங்க"ன்னு மூணு தடவை ரிமைண்டர் வேற. அதுல ஒரு கேள்வி: படிப்பு முடிஞ்சதும் சொந்தமா தொழில் தொடங்கணும்ங்கிற எண்ணம் உங்களுக்கு எவ்வளவு உறுதியா இருக்கு? 1-ல் இருந்து 7 வரைக்கும் ஒரு நம்பர் போடணும்.

நான் 2 போட்டேன். பக்கத்துக் கட்டில் ரூம்மேட் யோசிக்கவே இல்லை, 7 போட்டுட்டு ரீல்ஸ் பார்க்கப் போயிட்டாள். அவள் அப்பாவுக்குச் செங்கல்பட்டு பக்கம் ஹார்டுவேர்ஸ் கடை. என் அப்பா தறி நெய்கிறவர். ரெண்டு பேருமே யாருகிட்டயும் மாசச் சம்பளம் வாங்காதவங்க. அந்த ஃபார்மில் "பெற்றோர் தொழில்" என்ற இடத்தில் ரெண்டு பேருமே 'சுயதொழில்' என்பதைத்தான் டிக் பண்ணினோம். அப்புறம் எப்படி எனக்கு 2, அவளுக்கு 7? அன்னைக்கு ராத்திரி தூக்கம் வராமல் யோசித்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தக் கேள்வியின் ஜாதகத்தைப் பார்த்துவிடலாம். இது நம்ம இ-செல் கண்டுபிடித்தது இல்லை. உளவியலாளர் ஐசக் அய்சென் 1991-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இருந்து கிளம்பிய விஷயம். ஒருத்தர் ஒரு காரியத்தைச் செய்வாரா மாட்டாரா என்பதற்கு முன்னாடி 'செய்யணும்' என்ற எண்ணம் வருது. அந்த எண்ணத்துக்குப் பின்னாடி மூணு விஷயம் இருக்குன்னு சொன்னார். அந்தக் காரியம் நல்லதுன்னு நமக்குத் தோணுதா? நமக்கு வேண்டியவங்க அதைப் பத்தி என்ன நினைப்பாங்க? நம்மால முடியும்னு நமக்கே நம்பிக்கை இருக்கா? சிகரெட்டை விடுறதுல இருந்து ஓட்டுப் போடுறது வரைக்கும் இதை வைத்து அளந்து பார்த்திருக்காங்க. 2009-ல் லின்யான், சென் என்ற ரெண்டு பேர் ஸ்பெயின், தைவான் மாணவர்களை வைத்து 'தொழில் தொடங்கும் எண்ணம்' என்பதற்கே தனியாக ஒரு கேள்வித்தாள் உருவாக்கினாங்க. இன்னைக்கு உலகம் பூரா எம்பிஏ பிராஜெக்ட்டுகளில் சுத்திக்கிட்டிருக்கிறது பெரும்பாலும் அதோட பேரப்பிள்ளைகள்தான். நமக்கு வந்த ஃபார்மும் அந்தக் குடும்பம்தான்.

சரி, என் 2-க்கு வருகிறேன்.

எங்க ஊர் பெரணமல்லூர். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி. பேரைச் சொன்னால் "அது எங்க?" என்பாங்க, "ஆரணி பக்கம்" என்றால் உடனே "ஓ, பட்டா?" என்பாங்க. (2006 தேர்தல் வரைக்கும் எங்க ஊர் பேரில் ஒரு சட்டமன்றத் தொகுதியே இருந்தது மக்களே. தொகுதி மறுசீரமைப்பில் அது போய்விட்டது. அப்பாவுக்கு அந்த வருத்தம் இன்னும் இருக்கு.) ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கு. அந்தக் குறியீட்டுக்குப் பின்னாடி இருக்கிற தறிகள் ஆரணி டவுனுக்குள்ள மட்டும் இல்லை, சுத்தி இருக்கிற எங்க மாதிரி ஊர்களிலும் இருக்கு.

தறி வீட்டுக் கணக்கு வெளியில இருக்கிறவங்களுக்கு அவ்வளவா தெரியாது. கடைக்காரர் பாவு, ஊடை, ஜரிகை எல்லாம் கொடுப்பார். டிசைனும் அவருடையதுதான். நாம நெய்து கொடுத்தால் புடவைக்கு இவ்வளவுன்னு கூலி. தறி நம்முடையது, இடம் நம்முடையது, முதுகுவலி நம்முடையது. பாவு பிணைக்கிற நாளுக்குக் கூலி கிடையாது. மழைக்காலத்தில் குழிக்குள்ள ஈரம் ஏறி வேலை நின்றால் அதுக்கும் கிடையாது. முன்பணம் வாங்கியிருந்தால் வேறொரு கடைக்காரரிடம் போகவும் முடியாது. புடவை ஷோரூமில் என்ன விலைக்குப் போகுதுன்னு நெய்தவருக்குத் தெரியாது. சர்வேக்காரங்க இதை 'சுயதொழில்' என்பாங்க. தொழில்முனைவோருக்கு உண்டான ரிஸ்க் எல்லாம் இருக்கு, விலை வைக்கிற உரிமை மட்டும் இல்லை. ஹார்டுவேர்ஸ் கடையில் ஒரு தாழ்ப்பாளுக்கு என்ன விலை சொல்லலாம்னு என் ரூம்மேட்டோட அப்பா தீர்மானிக்கிறார். எங்க அப்பா வாழ்க்கையில அந்த மாதிரி ஒரு தீர்மானம் எடுத்தது ஒரே ஒரு தடவை.

2019-ல் அப்பாவுக்கு ஒரு வேகம் வந்தது. எத்தனை நாளைக்குக் கூலிக்கே நெய்யறது, சொந்தமா பட்டு வாங்கி நெய்து நாமே கொண்டுபோய் விற்கலாம்னு. அம்மாவோட ரெண்டு வளையலும் மாமாவிடம் வாங்கின கைமாத்தும் முதல். எதிர்வீட்டுத் தறியையும் சேர்த்து மூணு தறி ஓடிச்சு. முதல் ரெண்டு பாவு நல்லாவே போச்சு. அந்தப் பொங்கலுக்கு வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்தது. அப்போ நான் ஒன்பதாவது. "எங்க அப்பா சொந்தமா பிசினஸ் பண்றாரு"ன்னு ஸ்கூல்ல சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு. கல்யாணமே சின்னதா நடக்கும்போது பட்டுப்புடவை யார் எடுப்பா? கடனுக்கு எடுத்துக்கிட்டுப் போன ஒரு கடைக்காரர் ஏழு புடவையையும் திருப்பி அனுப்பினார். இன்னொருத்தர் திருப்பியும் அனுப்பலை, காசும் அனுப்பலை. பீரோவில் அந்தப் புடவைகளை மடிப்பு மாத்தி மாத்தி வெச்சோம், ஒரே மடிப்புல இருந்தா ஜரிகை முறிஞ்சிடும்னு. கடைசியில் பட்டு வாங்கின விலைக்கும் கீழே போச்சு. கைமாத்துக் கடன் முழுசா தீர்ந்தது நான் காலேஜ் சேர்ந்த வருஷம்தான். வளையல் இன்னும் வரலை. அப்பா மறுபடி கூலிக்கே உட்கார்ந்துட்டார்.

இப்போ சொல்லுங்க, 1-ல் இருந்து 7 வரைக்கும் எந்த நம்பர் போடறது?

லைப்ரரியில் தேடினப்போ என் 2-க்கு ஒரு விளக்கம் கிடைத்தது. அமெரிக்க ஆய்வாளர் நோரிஸ் க்ரூகர் 1993-ல் ஒரு வேறுபாட்டைக் காட்டியிருக்கார். குடும்பத் தொழிலை எவ்வளவு கிட்ட இருந்து பார்த்திருக்கோம் என்பது ஒண்ணு. பார்த்த அனுபவம் நல்லதா கெட்டதா என்பது இன்னொண்ணு. முதலாவது 'என்னால முடியும்' என்ற நம்பிக்கையோட சேர்ந்து போகுது. ரெண்டாவது 'எனக்கு இது வேணும்' என்ற ஆசையோட சேர்ந்து போகுது. படிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. எங்க வீட்டு நிலவரம் அச்சு அசலா இதுதான். பட்டு எங்க வாங்கணும், விலை எப்போ ஏறும், யாருக்குக் கடன் கொடுக்கக் கூடாது, எல்லாம் எனக்குத் தெரியும். வேணுமான்னு கேட்டா வயித்தைக் கலக்குது.

ரத்தத்தில் வருவதா, வளர்ப்பில் வருவதா என்ற கேள்விக்கும் ஒரு அழகான ஆய்வு இருக்கு. ஸ்வீடனில் தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளின் அரசாங்கப் பதிவுகளை வைத்து லிண்ட்க்விஸ்ட், சோல், வான் பிராக் என்ற மூவர் 2015-ல் வெளியிட்டது. பெற்றோர் தொழில்முனைவோரா இருந்தா பிள்ளையும் அப்படி ஆகிற வாய்ப்பு சுமார் 60 சதவீதம் கூடுது. அதில் பெற்றவங்களோட பங்கைவிட வளர்த்தவங்களோட பங்கு ரெண்டு மடங்கு. ஆக "அது ஜீன்லயே இருக்கணும் மச்சி" என்று கேன்டீனில் தத்துவம் பேசுகிறவர்கள் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம். சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் என்ன பேசுறாங்க என்பதுதான் பெரும்பாலும் வேலை செய்யுது. ரூம்மேட் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் "இந்த மாசம் பெயிண்ட் நல்லா ஓடுது" என்று பேசுவாங்க. எங்க வீட்டில் 2020-க்கு அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கிறதில்லை.

இதெல்லாம் இருக்கும்போது நம்ம காலேஜ் என்ன செய்யுது? ஆடிட்டோரியத்தில் ஏசி போட்டு, ஒரு மோட்டிவேஷனல் ஸ்பீக்கரைக் கூப்பிட்டு, நம்ம எல்லாரையும் எழுந்து நின்று கைதட்டச் சொல்லுது. தப்பா நினைக்காதீங்க, இ-செல் நண்பர்கள் உழைக்கிறாங்க. ஆனால் மத்தியக் கல்வி அமைச்சகம் 2018-ல் ஆரம்பித்த புத்தாக்க கவுன்சில் திட்டத்தில் கல்லூரிகளுக்கு ஸ்டார் ரேட்டிங் இருக்கு. அதுக்கு எத்தனை நிகழ்ச்சி நடந்தது, எத்தனை பேர் வந்தாங்க, போட்டோ எங்க என்பதெல்லாம் தேவை. கூட்டத்துக்கு நம்ம கிளாஸை அப்படியே ஓட்டிக்கிட்டுப் போறாங்க என்பது எல்லாருக்கும் தெரிந்த ரகசியம்.

மேடையில் சொல்லும் கதைகளிலும் எனக்கு ஒரு புகார். ஃப்ரெஷ்வொர்க்ஸ் கிரிஷ் மாத்ருபூதம், ஜோஹோ ஸ்ரீதர் வேம்பு, கெவின்கேர் சி.கே.ரங்கநாதன், இவங்க மூணு பேரும் இல்லாமல் எந்தக் கூட்டமும் முடிவதில்லை. மூணு பேரும் பெரிய ஆட்கள், சந்தேகமே இல்லை. ஆனால் கதையைச் சொல்லும்போது எதை விட்டுட்டுச் சொல்றாங்கன்னு பாருங்க. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோட கடலூர்ல தொடங்கினார் என்பதை எல்லாரும் சொல்றாங்க. அவருடைய அப்பா சின்னி கிருஷ்ணன் அதுக்கு முன்னாடியே பாக்கெட்டில் அடைத்து விற்கிற வித்தையைப் பிடித்தவர், வீட்டிலேயே ஷாம்பூ தொழில் இருந்தது என்பது பல பேச்சுகளில் வர்றதில்லை. கிரிஷ் 2010-ல் ஃப்ரெஷ்டெஸ்க் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பல வருஷம் ஜோஹோவில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். அது கதைக்கு நடுவுல ஒரு வரியா போயிடுது. எனக்கு அந்த ஒரு வரிதான் முக்கியம். வீட்டில் ஒண்ணும் இல்லாதவர் ஒரு வேலையில் உட்கார்ந்து தொழிலைக் கத்துக்கிட்டு, அப்புறம் கிளம்பலாம் என்பது எங்க மாதிரி வீடுகளுக்குப் புரியும் பாதை.

ஆல்பர்ட் பண்டூரா 1977-லேயே இதைப் பத்தி எழுதிட்டார். தன்னால் முடியும் என்ற நம்பிக்கை மனுஷனுக்கு எங்கிருந்து வருது? முதல் இடம், தானே ஒரு தடவை செய்து பார்த்தது. அடுத்தது, மத்தவங்க செய்யறதைப் பார்ப்பது. அதுவும் தன்னைப் போல இருக்கிற ஒருத்தர் செய்தால்தான் நல்லா ஒட்டும். வாயால் ஊக்கம் கொடுக்கிறது அதுக்கு அப்புறம்தான் வருது. நம்ம இ-செல் பட்ஜெட் முழுக்கப் போறது அந்த வாய்க்குத்தான்.

தொழில்முனைவுப் பாடம் எடுத்தால் எண்ணம் கூடும் என்று நாம எல்லாரும் நினைக்கிறோம். நெதர்லாந்தில் ஒரு கல்லூரியில் மாணவர்களை ஒரு வருஷம் மினி கம்பெனி நடத்த வைத்தாங்க. ஊஸ்டர்பேக் குழுவினர் 2010-ல் வெளியிட்ட முடிவு என்னன்னா, தொழில் தொடங்கும் எண்ணம் குறைஞ்சிருந்தது. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் மாணவர்களை வைத்து லெர்னர், மால்மென்டியர் செய்த ஆய்விலும் இதே மாதிரிதான். ஏற்கனவே தொழில் நடத்தின அனுபவம் உள்ளவங்க நிறைய பேர் இருந்த செக்‌ஷன்களில், படிப்பு முடிச்சுத் தொழில் தொடங்கினவங்க குறைவு. ஆனால் குறைஞ்சது தோல்வி அடையற தொழில்கள்தான். அடிபட்ட சீனியர் ஒருத்தர் "டேய், இது தேறாது" என்று சொல்லியிருப்பார், அவ்வளவுதான். இதை நான் கெட்ட செய்தியா பார்க்கலை. ஏழை வீட்டுப் பிள்ளை ஒரு தப்பான தொழிலைத் தொடங்காமல் போவதும் லாபம்தான். வளையல் மிஞ்சும். ஆனால் நம்ம இ-செல் ரிப்போர்ட்டில் "வொர்க்‌ஷாப்புக்கு முன் 3.1, வொர்க்‌ஷாப்புக்குப் பின் 5.8" என்று கிராஃப் ஏறணும். இறங்கினால் யார் போஸ்டர் அடிப்பா?

இன்னொரு கணக்கும் பார்க்கணும். எண்ணம் இருந்தால் செயல் வந்துடுமா? இந்தத் தியரியைப் பயன்படுத்தின நிறைய ஆய்வுகளை ஒண்ணா சேர்த்து ஆர்மிடேஜ், கானர் 2001-ல் ஒரு தொகுப்பாய்வு செய்தாங்க. ஒருத்தரும் இன்னொருத்தரும் நடந்துக்கிற விதத்தில் இருக்கிற வித்தியாசத்தில் சுமார் 27 சதவீதத்தைத்தான் இந்த மாடல் விளக்குது. மிச்சம் எல்லாம் வேற. என் ரூம்மேட்டோட 7-க்கும் என் 2-க்கும் இவ்வளவு மரியாதை போதும்.

நம்ம நாட்டு மாணவர்களைப் பத்தியே ஒரு பெரிய சர்வே இருக்கு. ஸ்விட்சர்லாந்தின் செயின்ட் காலன் பல்கலைக்கழகம் ஆரம்பித்த 'கெஸ்' என்ற உலகளாவிய சர்வே. அதோட 2023 இந்திய அறிக்கையை ஐஐடி மண்டி வெளியிட்டது. அதில் படிப்பு முடிஞ்ச உடனே தொழில் தொடங்கணும்னு சொன்னவங்க சுமார் 14 சதவீதம். படிப்பு முடிஞ்சு அஞ்சு வருஷம் கழிச்சு என்றால் 31.4 சதவீதம். அதே மாதிரி முதலில் வேலைக்குப் போகணும்னு சொன்னவங்க 69.7 சதவீதம், அஞ்சு வருஷம் கழிச்சு 52.2. இதைப் பார்த்து "நம்ம பசங்களுக்குத் தைரியம் இல்லை" என்று சொல்றவங்க இருக்காங்க. நான் அதை வேற மாதிரி படிக்கிறேன். ஆசை இருக்கு. அந்த அஞ்சு வருஷத்தில் முடிக்க வேண்டிய ஒரு கணக்கும் இருக்கு.

என்ன கணக்கு? நம்ம கிளாஸில் எத்தனை பேர் முதல் பட்டதாரி சான்றிதழ் கொடுத்துச் சேர்ந்தோம்னு யோசிச்சுப் பாருங்க. டியூஷன் ஃபீஸில் சலுகை கிடைத்தது, சந்தோஷம். ஆனால் அந்தச் சான்றிதழில் எழுதாத ஒரு வரி இருக்கு: இந்த வீட்டில் மாசம் ஒண்ணாம் தேதி சம்பளம் வாங்கப் போகும் முதல் ஆளும் நீதான். ஹாஸ்டலுக்கும் மிச்சத்துக்கும் எடுத்த கல்விக் கடன் இருக்கு. படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் தவணை கேட்க மாட்டாங்க, வட்டி மட்டும் ஓடிக்கிட்டிருக்கும். ஒரு தொழில் ஆரம்பிச்சு முதல் வருஷத்திலேயே மாசத் தவணை கட்டுகிற அளவுக்குச் சம்பாதிச்சவங்களை நான் யூடியூப்பில் மட்டும்தான் பார்த்திருக்கேன். அமெரிக்காவில் மாணவர் கடன் அதிகமாக இருந்தால் தொழில் தொடங்குகிற வாய்ப்பு குறையுது என்று கிருஷ்ணன், வாங் என்ற ரெண்டு பேர் 2019-ல் காட்டியிருக்காங்க. இதுக்கு ஆய்வே தேவையில்லை, எங்க அம்மாவைக் கேட்டாலே சொல்லிடுவாங்க.

அரசாங்கம் ஒண்ணும் செய்யலைன்னு சொல்ல மாட்டேன். 'நீட்ஸ்' என்று ஒரு திட்டம் தமிழ்நாட்டில் 2012-ல் இருந்து இருக்கு. (நீங்க பயப்படற அந்த நீட் இல்லை, இது வேற!) முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கானது. டிகிரி, டிப்ளமோ, ஐடிஐ படிச்சவங்களுக்கு 25 சதவீதம் முதலீட்டு மானியம், வட்டியில் 3 சதவீதம் சலுகை. மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்கணும். எத்தனை பேருக்கு இது தெரியும்? நான் இதை வீட்டில் சொன்னப்போ அப்பா கேட்ட முதல் கேள்வி, "மிச்சம் 75-ஐ பேங்க்ல யாருமா நம்பிக் கொடுப்பான்?" என்பதுதான். மானியத்தைப் பத்தி நான் பேசுறேன், அவர் பேங்க் மேனேஜரோட முகத்தைப் பத்திப் பேசுறார். அவர் அந்த முகத்தைப் பார்த்திருக்கார், நான் பார்க்கலை.

பொண்ணுங்களுக்கு இந்த அஞ்சு வருஷக் கணக்கு இன்னும் கோணல். பையன் "அஞ்சு வருஷம் வேலை பார்த்துட்டு ஆரம்பிக்கிறேன்" என்றால் பொறுப்பான பையன். நான் அதையே சொன்னால் ஆயா உடனே, "அதுக்குள்ள உனக்குக் கல்யாணம் ஆயிடுமே, அப்புறம் அவங்க வூட்ல கேட்டுக்கோ" என்கிறார். அந்த அஞ்சாவது வருஷத்தில் என் முடிவை எடுக்கப் போகிறவரை நான் இன்னும் பார்க்கக்கூட இல்லை. லின்யான், சென் ஆய்வில் ஒரு விஷயம் கவனிச்சேன். வேண்டியவங்களோட அபிப்பிராயம் நேரடியாக எண்ணத்தைத் தொடலை. ஆசை வழியாவும் தைரியம் வழியாவும் சுத்தி வருது. வீட்டில் யாரும் "தொழில் தொடங்காதே" என்று என்னிடம் சொன்னதே இல்லை. சொல்ல வேண்டிய அவசியமே அவங்களுக்கு வரலை.

இத்தனைக்கும் நடுவில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் நான் பொய் சொன்ன மாதிரி ஆகிடும்.

எங்க வீட்டில் தார் சுத்தறது அம்மாவும் ஆயாவும். பட்டுக் கண்டியில் இருந்து ஊடை நூலை ராட்டையில் சுத்தி நாடாவுக்குள் வைக்கிற தாராக மாத்தற வேலை. அம்மாவுக்கு வலது தோள்பட்டை போயிடுச்சு. மோட்டார் வெச்ச மெஷின் கடையில் இருக்கு, ஆனால் சுவிட்சைப் போட்டதும் படக்கென்று இழுக்கும், மெல்லிசுப் பட்டு அறுந்திடும். அறுந்தது தெரியாமல் அது பாட்டுக்குச் சும்மா சுத்திக்கிட்டிருக்கும். செகண்ட் இயர் லீவில் ஒரு 12 வோல்ட் மோட்டார், ஒரு ஆர்டுயினோ நானோ, காலால் மிதிக்கிற ஒரு பெடல் வெச்சு ஒண்ணு செய்தேன். மிதிச்சா மெதுவா ஆரம்பிச்சு மெல்ல மெல்ல வேகம் பிடிக்கும். இழை அறுந்தா அது மேல தொங்குற சின்னக் கம்பி கீழே விழுந்து சுவிட்சைத் தட்டும், மோட்டார் நின்னுடும். ராக்கெட் எல்லாம் இல்லை, மைக்ரோகன்ட்ரோலர் லேபில் நாம செய்த ரெண்டாவது எக்ஸ்பெரிமென்ட்தான். பாகங்களுக்கு 1,900 ரூபாய் ஆச்சு.

பக்கத்துத் தெரு அத்தை வந்து பார்த்துட்டு, "எனக்கும் ஒண்ணு செஞ்சி கொடு, காசு தர்றேன்" என்றாங்க. 2,600-க்குக் கொடுத்தேன். அப்புறம் இன்னொண்ணு. ரெண்டாவதை ஒரே வாரத்தில் திருப்பி எடுத்துக்கிட்டு வந்தாங்க, கம்பியில் பட்டுத் தூசி சேர்ந்து சுவிட்ச் வேலை செய்யலை. திட்டு வாங்கினேன். கம்பியை மாத்தி, மேல ஒரு மூடி போட்டுக் கொடுத்தேன். மூணு வருஷ லெக்சரில் வராத ஒரு விஷயம் அந்தத் திட்டில் வந்தது. என் பொருளுக்கு நான் விலை சொன்னேன், ஒருத்தர் கொடுத்தார், கெட்டுப் போனது, நான் சரி பண்ணினேன்.

அதனால் இ-செல்லுக்கு என் கோரிக்கை இதுதான். ஒரு செமஸ்டருக்கு ஸ்பீக்கர் வேண்டாம். ஆளுக்கு 500 ரூபாய்க்கு எதையாவது ஒண்ணை, உங்க சொந்தக்காரர் இல்லாத ஒருத்தருக்கு விற்கச் சொல்லுங்க. திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கச் சொல்லுங்க. பி.பி.டி வேண்டாம். கூப்பிட ஆள் வேணும்னா, கடையை மூடினவங்களைக் கூப்பிடுங்க. ஏன் மூடினாங்க, எவ்வளவு போச்சு, எப்படி மீண்டாங்கன்னு ஒரு மணி நேரம் பேசட்டும். எங்க அப்பாவே வருவார், ஆனால் மைக்கைப் பார்த்தால் பேச்சு வராது.

பிளேஸ்மென்ட் செல்லுக்கும் ஒரு கோரிக்கை. சில ஐஐடிகளில், தொழில் தொடங்கப் போறவங்க ஒரு காலத்துக்குள்ள அது சரியா வரலைன்னா திரும்பி வந்து கேம்பஸ் இன்டர்வியூவில் உட்காரலாம் என்று ஒரு வசதி இருக்கு. நம்ம காலேஜில் ஒரு தடவை "வேண்டாம்" என்று கையெழுத்துப் போட்டால் அவ்வளவுதான், கதவு மூடியாச்சு. ஐஐடி மாணவருக்கு வெளியில் இன்னும் நாலு கதவு இருக்கும். எங்களுக்கு இது ஒண்ணுதான், ஆனால் திரும்பி வரும் வசதி அவங்களுக்குத்தான் இருக்கு. ஒரே ஒரு வருஷம், வருஷத்துக்கு அஞ்சே பேருக்குக் கொடுத்துப் பாருங்க. இதுக்குப் பைசா செலவில்லை. தொழில் சரியா வரலைன்னா வீட்டுக்குத் திரும்பிப் போய்ச் சொல்றதுக்கு ஒரு பதில் இருந்தால் போதும், என் மாதிரி ஆட்கள் நிறைய பேர் 2-ஐ அழிச்சுட்டு வேற நம்பர் போடுவோம்.

"தறியை விட்டு வெளியே வந்ததே பெருசு, நீ ஏன் மறுபடி அதையே பிடிச்சுத் தொங்கறே?" என்று கிளாஸில் ஒருத்தன் கேட்டான். நியாயமான கேள்வி. நாடு முழுக்க 2009-10 கணக்கெடுப்பில் 43.31 லட்சம் கைத்தறித் தொழிலாளர்கள் இருந்தாங்க, 2019-20-ல் அது 35.22 லட்சம். என் கூட ஸ்கூலில் படிச்ச தறி வீட்டுப் பசங்களில் நிறைய பேர் ஒரகடம், செய்யாறு பக்கம் கம்பெனி பஸ் ஏறிட்டாங்க. நானும் தறியில் உட்காரப் போறதில்லை, அப்பாவும் விட மாட்டார். ஆனால் மிச்சம் இருக்கிற தறிகளில் தோள்பட்டை போன அம்மாக்கள் நிறைய பேர் இருக்காங்க. பெங்களூரில் ஏசி ரூமில் உட்கார்ந்து 'பிராப்ளம் ஸ்டேட்மென்ட்' தேடறவங்களுக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும்.

ஃபார்மை மறுபடி திறந்து பார்த்தேன், எடிட் பண்ண இன்னும் லிங்க் வேலை செய்யுது. மாத்தலை. வர்ற சனிக்கிழமை ஆப்டிடியூட் டிரெய்னிங் இருக்கு, போகத்தான் போறேன். ஜூலையில் கம்பெனிகள் வர ஆரம்பிக்கும், உட்காரத்தான் போறேன்.

போன ஞாயிறு அப்பா போன் பண்ணினார். சேத்துப்பட்டு பக்கத்தில் இருந்து யாரோ வந்து வீட்டில் மெஷினைப் பார்த்துட்டு நாலு கேட்டுட்டுப் போயிருக்காங்களாம். நான் சந்தோஷத்தில் "சரிப்பா, அடுத்த லீவுக்கு வரும்போது எடுத்துட்டு வர்றேன்"னு சொல்லிட்டேன். அவர் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. பின்னாடி தறி சத்தம் நின்னுடுச்சு, எழுந்து வெளியே வந்துட்டார் போல.

"பாதிக் காசு முன்னாடியே வாங்கிடும்மா," என்றார். "யாரா இருந்தாலும் சரி. கடனுக்கு மட்டும் கொடுக்காத."